பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியவள்

என் அக்கா ஆற்றுக்கு மார்க்குப் போடுகிறவள். அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். நீர்த்தர ஆய்வகத்தில் உதவியாளர் என்று சொன்னால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். மார்க்குப் போடுகிறாள் என்றால், ஆற்றுக்கு எதற்கு மார்க்கு என்றாவது கேட்பார். எங்கள் கீழ்த்தெருவில் அவளுக்கு மார்க்கக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவள் இருந்தது மேட்டுப் பக்கம், ஆபீசுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில். ஒன்றரை அறை. நான் கீழ்த்தெருவில், ஒரு தையல் மெஷினும் ஒரு புருஷனும் ஒரு மகளுமாக. விடுமுறை நாளில் தவறாமல் இறங்கி வந்துவிடுவாள். வந்ததும் என் மேசையைத் தன் ஆய்வக மேசை என்று நினைத்துக்கொண்டு ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பாள். கத்தரிக்கோல் ஒரு வரிசை, நூல்கண்டு ஒரு வரிசை, ஊசி ஒரு டப்பி. அவள் போன பிறகு இரண்டு நாளைக்கு எனக்கு ஒரு சாமானும் கைக்கு அகப்படாது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள், அடுத்த வாரம் வந்து மறுபடியும் அதையே செய்வாள்.

மாதம் ஒரு தடவை ஆபீஸ் ஜீப்பில் போய் ஆற்றில் இறங்கித் தண்ணீர் பிடிப்பாள். பாலத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், எங்கள் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் போகிற ஆற்றோரக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஓரிடம். பிடிப்பது என்றால் நாம் வாளியில் பிடிப்பதுபோல இல்லை. ஆக்சிஜன் பார்க்கிற கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்கு அடியிலேயே சாய்த்து நிரப்பி, அடியிலேயே மூட வேண்டும். உள்ளே ஒரு குமிழி மாட்டிக்கொண்டாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. கிருமி பார்க்கிற குப்பியின் மூடியில் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அவள் குனிவதும் நிமிர்வதும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் கொட்டுவதுமாக இருந்தாள். இதற்குள் நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்திருப்பேன் என்றேன். உன் காலரில் குமிழி இருந்தால் யாரும் சாக மாட்டார்கள் என்றாள்.

ஆற்றுக்கு ஒன்பது பாடம். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன், மலக்கிருமி, புளிப்பு காரம், அழுகல், சூடு, பாஸ்பேட், நைட்ரேட், கலங்கல், காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சுகிற வண்டல். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஒரு மார்க்கு. பிறகு எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பங்கு என்று விதிப்புத்தகத்தில் இருக்கும். ஆக்சிஜனுக்கும் கிருமிக்கும் கொஞ்சம் அதிகம், கலங்கலுக்கும் வண்டலுக்கும் குறைவு. அந்தப் பங்குப்படி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே ஒரு எண் வரும். அதுதான் அந்த மாதத்துக்கு ஆற்றின் குறியீடு. எழுபதுக்கு மேல் போனால் 'நல்லது', ஐம்பதுக்கு மேல் 'நடுத்தரம்', அதற்குக் கீழே 'மோசம்'. படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் புரியட்டும் என்றுதான் இப்படி ஒரே எண்ணாகச் சுருக்கினார்களாம். புரிந்தது, ரொம்ப நன்றாகவே புரிந்தது.

அக்கா படிப்பில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் அள்ளிக்கொண்டு வந்தாள், வரலாற்றில் மட்டும் கோட்டை விட்டாள். எந்த ராஜா எந்த ராஜாவை விரட்டினான் என்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. மொத்த மார்க்கில் வகுப்பிலேயே இரண்டாவது இடம், ஆனால் பெயில். கல்லூரியில் கிடைத்திருக்க வேண்டிய இடம் போயிற்று. மறுவருஷம் எழுதித் தேறினாள். அதற்குள் அப்பாவுக்குப் படிக்க வைக்கிற ஆசை ஆறிப்போயிருந்தது. ஆய்வகப் பயிற்சி ஒன்றில் சேர்த்துவிட்டார். எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறித் தேறிய நான் முதல் தடவையே பாஸ். அதை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்பது வேறு கதை.

கல்யாணமும் நடந்தது, நிலைக்கவில்லை. அவள் கையில் எப்போதும் மருந்து வாடை அடிக்கிறது என்று அந்த மனிதர் ஒரு காரணம் சொன்னார். வேறு காரணமும் இருந்தது, அதற்கு அடுத்த ஊரில் வீடும் வாசலும் இருந்தது. அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. வேலை, வீடு, என் மகள் என்று மூன்றோடு நின்றுகொண்டாள். என் மகளுக்கு எழுத்துப் பழக்கியது, நீச்சல் கற்றுக்கொடுத்தது, முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். பசித்தால் அம்மா, அடிபட்டால் பெரியம்மா. என் மகள் இப்படித்தான் பாகம் பிரித்து வைத்திருந்தாள். எனக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருக்கும்.

இனி டேங்கர் விஷயம். எங்கள் தெருக் குழாயில் வருவது ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர். சுத்திகரிப்பு கிடையாது, மோட்டார் போட்டால் நேராகக் குழாய். முன்பு ஒரு வருஷம் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும் வந்து ஊரே நாறிய பிறகு நகராட்சி ஒரு விதி போட்டது. ஆற்றின் குறியீடு 'நல்லது' என்று வருகிற வரைக்கும் கீழ்த்தெருவுக்குக் குடிக்க டேங்கரில் தண்ணீர் வரும். 'நல்லது' வந்துவிட்டால் டேங்கர் நிற்கும். ஆறு எப்போதும் 'நடுத்தரம்' தாண்டியதில்லை என்பதால் காலையில் டேங்கர் ஹார்ன் அடிப்பதும் நாங்கள் குடத்தோடு ஓடுவதும் பழகிப்போயிருந்தது. அக்கா வந்தால் எல்லோரும் வாய் நிறையச் சிரிப்பார்கள். இந்த மாதமும் ஆறு பாஸாகவில்லையே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போவார்கள்.

அப்புறம் ஆற்றின் மேல்பக்கம் இருந்த சாயப் பட்டறையை மூடினார்கள். ஆற்றின் நிறம் மாறியது. கலங்கல் தெளிந்து அடியில் கூழாங்கல் தெரிந்தது. தெரு முழுக்கச் சந்தோஷம், என் புருஷன் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு வந்தார். அதே சமயம் பட்டறைக்கும் மேலே அடுக்குமாடி வீடுகள் எழும்பி, அத்தனை வீட்டுக் கழிவும் ஒரு குழாய் வழியே சத்தமில்லாமல் ஆற்றில் விழ ஆரம்பித்திருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. பாறையில் விழுந்து எழுந்து ஓடி வருகிற ஆறு என்பதால் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. ஆய்வகத்தில் நூறு மார்க்குக்குக் கிருமிப் பாடத்தில் வந்தது இரண்டு. அதற்குக் கீழே போட அட்டவணையில் இடமில்லை. மற்ற எட்டுப் பாடத்திலும் எண்பது, தொண்ணூறு. கூட்டினாள், எழுபத்திரண்டு வந்தது. மறுபடி கூட்டினாள், அப்போதும் எழுபத்திரண்டு.

அன்றைக்கு இருந்த அதிகாரிக்கு ஆபீசில் தூங்குமூஞ்சி சார் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறுகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா அவர் எதிரே போய் நின்றாள்.

"ஒரு பாடத்துல பெயில்னா மொத்தமும் பெயில்தானே சார்? எட்டுல நல்ல மார்க்கு வாங்கினா ஒன்பதாவதுக்கு மன்னிப்பா?"

"அதெல்லாம் பிள்ளைங்களுக்கும்மா. ஆறு என்ன, காலேஜுக்கா போகப் போகுது?" என்றாராம் அவர்.

நகைச்சுவையாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டியிருக்கிறாள். பின்பகுதியில், யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில், இன்னொரு வழிக்கும் அனுமதி இருந்தது. பங்குப்படி கூட்டுவதற்குப் பதிலாகப் பங்குப்படி பெருக்கலாம். எனக்கு அவள் விளக்கியது இவ்வளவுதான்: கூட்டினால் எட்டுப் பேர் சேர்ந்து ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பெருக்கினால் ஒருத்தன் விழும்போது எட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு விழுவான். அதே தண்ணீர், அதே ஒன்பது மார்க்கு. பெருக்கிப் பார்த்தால் நாற்பத்தேழு. அதாவது 'மோசம்'.

புத்தகத்தில் இருந்தால் போட்டுக்கொள் என்று தூங்குமூஞ்சி சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாற்பத்தேழு என்று வெளியானது. எங்கள் தெருவில் முதலில் முகம் சுளித்தார்கள். கண்ணாடி மாதிரி ஓடுகிற ஆற்றுக்கு இவ்வளவு குறைந்த மார்க்கா, மார்க்கக்காவுக்குக் கை வரவில்லை என்று கேலி பேசினார்கள். டேங்கர் நிற்காது என்று தெரிந்ததும் கேலி நின்றது. அக்கா அந்த வாரம் என் வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். ஏதோ ஒன்றை ஜெயித்துவிட்ட முகம். அவளுக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தூங்குமூஞ்சி சார் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு வந்த அன்றே புன்னகை சார் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயசு, நல்ல படிப்பு, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. பழைய அறிக்கைகளை உட்கார்ந்து பார்த்துவிட்டு, மற்ற ஊர்களில் எல்லாம் கூட்டித்தான் போடுகிறார்கள், நாம் மட்டும் ஏன் தனி வழியில் போக வேண்டும், இந்த மாதத்திலிருந்து நாமும் கூட்டலாம் என்றார். கூட்டினார்கள். எழுபத்திரண்டு. ஆற்றில் ஒரு சொட்டும் மாறவில்லை. ஆனால் சுவரில் மாட்டிய படத்தில், போன வருஷம் நாற்பத்தேழில் கிடந்த கோடு இந்த வருஷம் எழுபத்திரண்டுக்கு ஏறி நின்றது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் ஒரே ஆண்டில் இருபத்தைந்து மார்க்கு முன்னேற்றம் என்று எழுதியிருந்தது. எந்த வழியில் கணக்குப் போட்டோம் என்பது அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.

தான் போட்ட நாற்பத்தேழின் மேல் ஏறி நின்றுதான் அந்த ஆள் உயரமாகத் தெரிகிறார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பே எழுபத்திரண்டு என்று விட்டிருந்தால் இந்த வருஷம் முன்னேற்றம் என்று காட்ட ஒன்றுமே இருந்திருக்காது. நேராக அவர் அறைக்குப் போயிருக்கிறாள். அப்போது என் மகள் கல்யாணமாகி, இதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தாள், ஐந்து மாதக் கர்ப்பம். அதையும் அக்கா சொல்லியிருக்கிறாள்.

"என் தங்கச்சி பொண்ணு மாசமா இருக்கா சார். டேங்கர் நின்னா அந்தத் தண்ணியைத்தான் அவ குடிக்கணும்."

புன்னகை சார் அவளை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நீங்க போட்ட நாப்பத்தேழும் புத்தகத்துல இருக்கு. நான் போட்ட எழுபத்திரண்டும் புத்தகத்துல இருக்கு. இதுல எது பொய்னு நீங்களே சொல்லுங்கம்மா, அதை எடுத்துடறேன்."

அக்காவால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இரண்டும் பொய் இல்லை. என்னிடம் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். பொய் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். கூட்டல் சரியாக இருக்கும்போது எப்படிப் பொய் என்பது என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். நேர்மை என்றால் எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

பாலத்தின் மேல் பச்சை நிறத்தில் பலகை வைத்தார்கள். 'உங்கள் ஆறு: 72. நல்லது.' விழா நடந்தது, ஆபீசுக்குக் கேடயம் கிடைத்தது. ஆய்வக ஊழியர் என்று அக்காவையும் மேடையில் ஏற்றி, ஓரத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் டேங்கர் வரவில்லை. குடத்தோடு நின்று பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தோம்.

அக்கா தெருவில் இறங்கினாள். ஆபீஸ் முடிந்ததும் தினமும் வந்து, வீடு வீடாக ஏறி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று கெஞ்சினாள். கேட்டவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உங்கள் ஆபீஸ்தானே நல்லது என்று பலகை வைத்திருக்கிறது என்றார்கள். நீங்கள் குறைத்து மார்க்குப் போட்டபோதும் நம்பினோம், கூட்டிப் போட்டபோதும் நம்புகிறோம், இப்போது மார்க்கை நம்பாதே என்றால் எதைத்தான் நம்புவது என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. மாதாமாதம் ஒரு எண்ணைச் சொல்லிச் சொல்லி, கண்ணை நம்பாதே எண்ணை நம்பு என்று எங்களைப் பழக்கியதே அக்காதான். நான்கு வீட்டில் கொதிக்க வைத்தார்கள். மற்றவர்களுக்கு அடுப்பும் நேரமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மகளைத் தன்னோடு, வேறு குழாய்த் தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கம் வந்து இருக்கச் சொன்னாள். என் மகள் தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள், புருஷன் வேலையும் பக்கத்தில்தான். ஒன்றரை அறையில் எப்படி இருப்பது, பிரசவம் நெருங்கட்டும் பார்க்கலாம் என்று சிரித்து மழுப்பிவிட்டாள். வீட்டில் கொதித்த தண்ணீர்தான். அக்கா வாங்கிக் கொடுத்த பெரிய பாட்டிலில் காப்பகத்துக்கும் எடுத்துப் போவாள். ஆனால் பிள்ளைகளுக்கு நடுவில் நாள் முழுக்க ஓடுகிறவள், பாட்டில் தீர்ந்தால் அங்கே இருக்கிற பானையில் மொண்டு குடித்தாள். தெளிவாகத்தானே இருந்தது. நானாக இருந்தாலும் குடித்திருப்பேன்.

எட்டாவது மாதத்தில் கண் மஞ்சளானது. காப்பகத்திலேயே இன்னும் இரண்டு பேருக்கு, எதிர் வரிசையில் ஒரு வீட்டில் மூன்று பேருக்கு, அப்புறம் எண்ணிக்கையே விட்டுப்போயிற்று. அவர்கள் எல்லாம் வாந்தியெடுத்து, படுத்து, எழுந்துவிட்டார்கள். பிள்ளை சுமக்கிறவர்களை இந்தக் காமாலை அப்படி விடாதாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்களுக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார், பிரஷர் நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது, கல்லீரல் ஒன்றுதான் என்று. பக்கத்தில் நின்ற அக்கா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. என் புருஷன் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

மகள் பிழைத்தாள். குழந்தை உள்ளேயே போய்விட்டது. பெண் குழந்தை. நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

மகளை வார்டுக்கு மாற்றியிருந்தபோது புன்னகை சார் வந்தார். கையில் பழப்பை, முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்குள் விஷயம் பத்திரிகையில் வந்திருந்தது. வராந்தா பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் எதிரே நின்றபடியே பேசினார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது, அதற்காக நான் இரக்கப்படவில்லை. திரும்பவும் பெருக்கல் வழிக்கே போய்விடலாம், நாற்பத்தேழு என்று வந்தால் அடுத்த நாளே டேங்கர் வந்துவிடும் என்றார். செய்யுங்கள் என்றாள் அக்கா. ஒரு சிக்கல் இருக்கிறது என்றார். கேடயம் வாங்கின எழுபத்திரண்டு திடீரென்று நாற்பத்தேழாக விழுந்தால் மேலிடத்தில் காரணம் கேட்பார்கள். வழியை நாங்கள்தான் மாற்றி மாற்றிப் போட்டோம் என்றால் ஆபீசின் எந்த எண்ணையும் இனி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நாற்பத்தேழு உட்பட.

"அதனால?" என்றாள் அக்கா.

"எழுபத்திரண்டு ஒரு கணக்குப் பிழைன்னு இருக்கணும்மா. பெருக்க வேண்டிய இடத்துல கூட்டிட்டேன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை, நல்ல வார்த்தை எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுதிக் கொடுத்தால் டேங்கர் என்றைக்கு வரும் என்று அவரிடம் கேட்டாள். இரண்டு நாளில் என்றார். பின்னால் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் அதையும் மறைக்காமல் சொன்னார். பிழை இல்லை என்று ஆனால் எழுபத்திரண்டு சரி என்று ஆகிவிடும், எழுபத்திரண்டு என்றால் டேங்கர் இல்லை.

அக்கா அங்கேயே எழுதிக் கொடுத்தாள். ஆற்றில் ஒரு குமிழிக்காக நாலு தடவை குப்பியைக் கொட்டிய கை, தனக்குக் கணக்கு தெரியாது என்று எழுதியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு, நான் இதை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றாள்.

"அவகிட்டயுமா?" என்று வார்டைக் காட்டினேன்.

"அவகிட்டதான் முதல்ல சொல்லக் கூடாது. கேட்டா சும்மா இருப்பாளா? தெருவையே கூட்டிட்டு ஆபீஸ் வாசல்ல போய் நிப்பா. மறுநாள் டேங்கர் நிக்கும்."

சொன்னபடியே டேங்கர் வந்தது. பச்சைப் பலகையை எடுத்துவிட்டு, ஆய்வக ஊழியரின் பிழையால் தவறான மதிப்பு வெளியிடப்பட்டது, அந்த ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டினார்கள். பிழையை விரைவாகக் கண்டுபிடித்ததற்காகப் புன்னகை சாருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்ததாம். கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அக்காவை ஆய்வகத்திலிருந்து சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். இப்போது அவள் காலிக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கி மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறாள், ஆற்றுப் பக்கம் போவதில்லை. எங்கள் தெருவில் மார்க்கக்கா என்ற பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்கிறார்கள். தண்ணீர் வரிசையில் என் காதில் படும்படியே சொல்கிறார்கள். நான் குடத்தை நகர்த்திக்கொண்டு முன்னால் போகிறேன். அவர்கள் பிள்ளைகளும் அந்த டேங்கர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்து என்னோடு வைத்திருந்தேன். அக்கா இரண்டு தடவை வந்தாள். அப்போதெல்லாம் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நான் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது தடவை அக்கா வந்துவிட்டுப் போன பிறகு, மகள் எழுந்து உட்கார்ந்தாள். யாரோ அவளிடம் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டியிருந்தார்கள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"உன் அக்காவை இனிமே இங்க வரச் சொல்லாதம்மா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அக்காவைக் குறித்து அவள் வாயில் பெரியம்மா என்ற சொல்லைத் தவிர வேறு வந்ததில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தச் சொல் திரும்ப வந்துவிடும். வெளியே டேங்கர் ஹார்ன் அடித்தது, தெருவில் பெண்கள் குடத்தோடு ஓடுகிற சத்தம் கேட்டது.

சரி என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.